என் குரலுக்குப் பயந்த நாய்

மில் வேலைக்காரனோடு டீக்கடையில் உட்கார்ந்தால், கடையில் இருக்கிற எல்லாருக்கும் அவன் குடும்பக் கதை தெரிந்துவிடும். நூல் மிஷின்களின் இரைச்சலுக்குள் வருஷக்கணக்காக நின்ற காதுக்கு மெதுவான பேச்சு மறந்து போகிறது. எனக்கும் அப்படித்தான். சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவேன். கல்யாணமான புதிதில் என் மனைவி, இந்த மனுஷன் எதற்கு எந்நேரமும் சண்டைக்கு வருகிறார் என்று அவள் அம்மாவிடம் கேட்டாளாம். பிறகு பழகிக்கொண்டாள். மகளும் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தாள். அவள் நர்சிங் படிக்க மதுரைக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம்தான் அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது.

நாய் வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. என் அக்காவை எப்போதும்வென்றான் என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. அக்காவும் அத்தானும் ஒரு மந்தை ஆடு வைத்திருந்தார்கள், அதுபோக மானாவாரியில் கொஞ்சம் கம்பும் உளுந்தும் போடுவார்கள். ஒரு நாள் விடிகாலையில் தூத்துக்குடி ரோட்டைத் தாண்டும்போது லாரி ஒன்று மந்தைக்குள் புகுந்துவிட்டது. நிறைய ஆடுகள் செத்தன. காவலுக்குப் போன நாயும் செத்தது. அதன் பின்னாலேயே ஓடிப் பழகிக்கொண்டிருந்த அதன் குட்டிக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. முக்கால்வாசி வளர்ந்த குட்டி. லாரி நின்ற பிறகும் டிரைவர் பதற்றத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லையாம். அந்தச் சத்தம் முடிகிறவரை குட்டி ரோட்டோரத்தில் நின்று நடுங்கிக்கொண்டே இருந்தது என்று அக்கா சொன்னாள்.

விஷயம் கேள்விப்பட்டு வார லீவில் போயிருந்தேன். அத்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடுகளைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய் விறகுக் கட்டுக்குப் பின்னால் காட்டினாள். கறுப்பு உடம்பு, கால்கள் மட்டும் பழுப்பு, நீண்ட மூஞ்சி. சுவருக்குள் போய்விடலாம் என்று நினைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது.

"இது ஆட்டுக் கெடைக்கு ஆவாதுலே தம்பி. ஆடு செருமுனாக்கூட ஓடுது. ஒன் அத்தான் கம்பத் தூக்குனாவன்னா நின்ன எடத்துலயே மோண்டுருது."

"அதுக்கு நான் என்னக்கா செய்ய?"

"நீ கொண்டு போயிரு. டவுன்ல வீட்டுக்குள்ள கெடந்துட்டுப் போவுது. இங்கன கெடந்தா அவிய ஒரு நாளு கோவத்துல அடிச்சிருவாவ. நான் எத்தன நாளைக்குத்தான் நடுவுல நிக்க?"

அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. அவளுக்குத் தூங்க வேண்டும்போல இருக்கிறது, வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டேன்.

நாயைச் சாக்குக்குள் வைத்து, சாக்கு வாயைத் தளர்வாகக் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர், "அண்ணாச்சி, சாக்குல என்ன?" என்று கேட்டார். உளுந்து என்றேன். சாக்கு அசையவே இல்லை. எட்டயபுரத்தில் பஸ் நின்று, மிட்டாய்க்காரர்களும் வெள்ளரிப்பிஞ்சுக்காரர்களும் ஏறிக் கத்தி இறங்கினார்கள். அப்போதும் அசையவில்லை. எங்கள் ஊர் கோவில்பட்டி வருவதற்குள் செத்துவிட்டது என்றே நினைத்தேன். இறங்கி, ஓரமாகப் போய்ச் சாக்குக்குள் கையை விட்டால் இதயம் அடிப்பது விரலில் தட்டியது. அவ்வளவு வேகமாக அடித்துக்கொண்டு அவ்வளவு சத்தமில்லாமல் ஒரு பிராணி இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் வீடு மில்லுக்குப் பின்னால், ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. குளியலறைச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு சந்து. சாக்கை அவிழ்த்ததும் அதற்குள் போய்விட்டது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது நாயா, பூனையா?" என்று கேட்டாள். சோறும் மோருமாக ஒரு தட்டை வைத்தாள். நாங்கள் நிற்கிறவரை அது தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தட்டு காலியாகியிருக்கும்.

அதற்குப் பெயர் வைக்கப் பார்த்தோம். எந்தப் பெயரைச் சொன்னாலும் என் வாயிலிருந்து அது கத்தலாகத்தான் வந்தது. கத்தலைக் கேட்டால் அது சந்துக்குள் ஓடியது. பெயரையே விட்டுவிட்டோம்.

ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்கு முதலில் காப்பி வேண்டும். சைக்கிளை நிறுத்தும்போதே "ஏட்டி, காப்பியப் போடு" என்று சொல்லிக்கொண்டு வருவது பழக்கம். நாய் வந்த பிறகு, நான் இல்லாத நேரத்தில் உள்ளே வந்து படுத்திருக்கும் அது, அந்த ஒரு வாக்கியத்துக்கே நடுவீட்டில் மூத்திரம் போனது. அவள் துடைப்பாள். மறுநாளும் மறந்துபோய்ச் சொல்வேன், மறுநாளும் துடைப்பாள். ஒரு நாள் துணியை வாளிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"வாரப்ப பேசாம வந்தா என்ன?"

"நான் என்ன கத்தவா செய்யுதேன்?"

நான் அதைச் சொன்ன சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, மறுபடியும் துணியை எடுத்துப் பிழிந்தாள். அவளுக்கும் காலையிலிருந்து தையல் மிஷின் மிதித்த கால். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஜாக்கெட் தைத்துத் தைத்து முழங்கால் வீங்கிவிடும். நாய்க்கு அந்த மிஷின் சத்தமும் ஆகவில்லை. வெயில் நேரம் முழுக்க அவள் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புழுக்கத்தில் உட்கார்ந்து தைத்தாள்.

ஊசி போடுவதற்காகக் கால்நடை டாக்டர் ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவரால் அதைத் தொட முடியவில்லை. சந்துக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"இத அடிச்சு வளத்தீங்களா?"

"இல்ல சார். ஒரு ஆக்சிடெண்டு."

"அப்போ ஒண்ணும் செய்யாதீங்க. நீங்க அதுட்ட போவாதீங்க. கண்ணப் பாக்காதீங்க. முதுகக் காட்டி உக்காருங்க, அதுவா வரட்டும். ஊசிய அப்புறம் பாப்போம்."

"எப்ப சார் வரும்?"

"வரும்போது வரும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கும் ஆயிரம் வேலை.

முதுகைக் காட்டி உட்கார்வது சுலபம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. எட்டு மணிநேரம் நின்று வந்த உடம்பு, உட்கார்ந்தால் சாயும், சாய்ந்தால் தூங்கும். தொட்டிப் பக்கத்தில் ஈரத்தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் கருவாட்டுத் துண்டுகளை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். கொசு கடிக்கும், அடிக்கக் கூடாது, அடித்தால் அந்தச் சத்தத்துக்கு ஓடிவிடும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும், குளிக்கப் போக முடியாது, குளியலறைக் கதவு கிறீச்சிடும். பல நாள் தூங்கி விழுந்து சுவரில் முட்டியிருக்கிறேன். கருவாடு மட்டும் போயிருக்கும்.

மில்லுக்குள் நாங்கள் வாயால் பேசுவது கிடையாது. பேசினால் கேட்காது. நூல் அறுந்தால் ஒரு சைகை, நூல் சுற்றுகிற பாபின் வேண்டுமென்றால் ஒரு சைகை. சூப்பர்வைசர் வந்தால் மீசையைத் தடவுவோம். மிஷின் சரியாக ஓடுகிறது என்பதற்கு உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக ஒரு தடவை ஆட்டுவோம். வீட்டிலும் ஒரு நாள் அப்படித்தான் கை வந்தது. நாய் சந்துக்கு வெளியே தலையை நீட்டியிருந்தது, அவள் அடுக்களையிலிருந்து ஏதோ கேட்டாள், வாயைத் திறக்கப் பயந்து கையை ஆட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. காப்பிக்கு, சோற்றுக்கு, கதவைச் சாத்துவதற்கு என்று நாங்களே புதிதாகச் சேர்த்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுக்காரி, ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை போல என்று தெருவில் சொல்லிவிட்டாள். சமாதானம் பேச ஒரு பெரியவர்கூட வந்தார். அவரிடம் நாயைப் பற்றி விளக்கியதில் என் சத்தம் கூடி, நாய் திரும்பச் சந்துக்குள் போய்விட்டது.

நாய் சைகையைப் பார்த்தது. அது என் வாயை விட்டுவிட்டு என் கையைக் கவனிக்கத் தொடங்கியதை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். உள்ளங்கையைக் கீழே காட்டினால் நிற்கும். இரண்டு விரலை மடக்கினால் ஓரடி கிட்ட வரும். என் முதுகுக்குப் பின்னால் வைத்த கருவாட்டைப் பிறகு என் பக்கவாட்டில் வைத்தேன், பிறகு முழங்காலருகில். ஒரு நாள் ஈரமூக்கு விரலில் பட்டது. நான் திரும்பவில்லை. என் மனைவி அடுக்களை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொல்ல ஆசைதான். கழுத்தில் கயிறு போட்டு வாசல்வரை கூட்டிப் போகவே ஒரு மழைக்காலம் போனது. தெருமுனைக்குப் போன முதல் நாள் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் திரும்பியது. அவ்வளவுதான், மறுபடியும் சந்து, மறுபடியும் கதவைச் சாத்திய பிறகு காலியாகும் தட்டு. மறுபடியும் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தீபாவளி வந்தால் குளியலறைக்குள் கோணிப்பையைத் தொங்கவிட்டு, வெடிச் சத்தம் ஓயும்வரை என் மனைவி நாயோடு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். பலகாரத் தட்டை நான் கதவுக்குக் கீழே தள்ளுவேன். மகள் லீவுக்கு வந்தால் அவளிடமும் அது புதிதாகப் பழக வேண்டும், பழகி முடிக்கும்போது அவள் லீவு முடிந்திருக்கும். "அப்பா, என்னயவிட இந்த நாய்கிட்டதான் மெதுவாப் பேசுதீங்க" என்று ஒரு தடவை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டேன்.

அப்படி இரண்டு மூன்று வருஷம் போன பிறகு ஒரு புரட்டாசியில், எங்கள் தெருக் கோவிலில் கொடைத் திருவிழா. மதியக் கொடைக்கு வெடி போடுவார்கள் என்று தெரிந்து நாயை முன்கூட்டியே உள்ளே கட்டியிருந்தோம். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி வெடியைப் புதைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். முதல் வெடியிலேயே ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தது. கயிறு தலை வழியே உருவிக்கொண்டது. நாய் என் காலுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடி, கூட்டத்துக்குள்ளும் மேளத்துக்குள்ளும் போய் மறைந்துவிட்டது. "ஏலே, நாயப் பிடிங்கலே" என்று நான் கத்தினேன். என் குரலைக் கேட்டு அது இன்னும் வேகமாகத்தான் ஓடியிருக்கும்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து ஷிப்டுக்கு முன்னும் பின்னும் தேடினேன். நனைந்த கரிசலில் சைக்கிள் ஓடாது. மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, உருளவே உருளாது. குச்சியால் நோண்டிவிட்டு நாலடி உருட்டி, மறுபடியும் நோண்டி, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். செருப்பில் ஒட்டிய மண் காலைத் தூக்க விடவில்லை. விதைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டால், "கறுப்பு நாயா அண்ணாச்சி? அது ஊருக்கு நூறு கெடக்கே" என்றார்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். பெயர் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரு நாள் நான் வெறும் கையோடு வந்தபோது என் மனைவி மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"போனா போவட்டும். எனக்கு முடியல. உங்களுக்கும் முடியல. கண்ணாடிய எடுத்து மொகத்தப் பாருங்க."

உள் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் காற்றோட்டமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். வீடு வீடு மாதிரி இருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் வேளையோடு சாப்பிட்டோம். மறுநாள் நான் வேலை முடிந்து வரும்போது வீடு பூட்டியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு அவள் தேடப் போயிருந்தாள்.

அவள்தான் சேதியும் கொண்டுவந்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வண்டிப்பாதையில் மழைத்தண்ணீர் போகக் குழாய் பதித்த ஒரு சின்னப் பாலம் உண்டு. அதற்குள் ஒரு நாய் கிடக்கிறது, பருத்திக் காட்டுக்குப் போகிற பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அன்று காலையில்தான் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். முகத்தைக்கூடக் கழுவவில்லை. "நீங்க போங்க, நான் சோத்த வடிச்சு எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

பாலத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். குழாயின் நடுவில் இரண்டு கண் தெரிந்தது. எங்கள் நாய்தான். விலா எலும்பு எண்ணும்படி இருந்தது. கையைக் காட்டினேன். வெளிச்சத்துக்கு எதிரே நின்ற என் கை அதற்குத் தெரிந்ததோ இல்லையோ, அசையவில்லை. கொண்டுபோன கருவாட்டை எறிந்தேன், தொடவில்லை. உள்ளே ஊர்ந்து போனால் மறுபக்கம் வழியாக ஓடிவிடும். வாயைத் திறக்கவே கூடாது. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் குழாய் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

எதிரே புதிதாக முளைத்த உளுந்து. சரக்கு ரயில் ஒன்று திருநெல்வேலிப் பக்கம் போனது, அதன் சத்தத்தில் பாலம் அதிர்ந்தது, நாய் மறுபக்கம் ஓடியிருக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. எனக்கு நாய் வேண்டுமா என்றுகூட அந்த நேரத்தில் தெரியவில்லை. தூக்கம்தான் வேண்டும். சாய்ந்தேன், அப்படியே தூங்கிவிட்டேன். யாரையும் வரவழைப்பதற்காகத் தூங்கவில்லை. உடம்பு விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

முழிப்பு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வண்டிப்பாதையில் தூக்குச்சட்டியோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கிட்ட வரவில்லை. எழுந்திருக்கப் போன என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக ஒரு தடவை ஆட்டினாள். அப்போதுதான் என் தொடைமேல் ஒரு பாரம் இருப்பது உறைத்தது. நாய் என் காலில் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. காதில் முள் கிழித்த காயம், உடம்பெல்லாம் காய்ந்த கரிசல். அதுவும் பல நாளாகத் தூங்காமல் கிடந்திருக்கும். என் கால் மரத்துப் போயிருந்தது. அசைக்கவில்லை. அவள் இருந்த இடத்திலேயே வரப்பில் உட்கார்ந்தாள். அந்தச் சோற்றைப் பிறகு நாங்கள் சாப்பிடும்போது ஆறிக் கட்டியாகிவிட்டது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

கயிறு கொண்டுபோயிருந்தாள், போடவில்லை. நாங்கள் முன்னால் நடந்தோம், அது பின்னால் வந்தது. தண்டவாளம் தாண்டும்போது பயந்து சீமைக்கருவேலத்துக்குள் போய்விட்டது. நாங்கள் நின்றோம், பிறகு வந்தது. ரோட்டில் பஸ் வந்தது, நாய் மறுபடியும் முள்ளுக்குள் போனது, மறுபடியும் நின்றோம். நடந்தால் அரை மணி நேரத் தூரம், வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அது தைரியசாலி ஆகிவிடவில்லை. எங்களிடம் மட்டும் வந்தது, அதிலும் என்னிடம்தான் கூடுதலாக. ஒரு மத்தியானம் வாசலில் நின்ற என் சைக்கிளை எவனோ தள்ளிக்கொண்டு போனபோது அது கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. "நல்ல காவக்காரன வளத்திருக்கீங்க" என்று என் மனைவி சொன்னாள். பிறகு கொஞ்ச நாள் மில்லுக்கு நடந்து போனேன். அக்கா ஒரு தடவை ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். நாய் வெகுநேரம் தூரத்தில் நின்று, பிறகு வந்து அவள் சேலை ஓரத்தை மோந்தது. ஆட்டு வாடை இருந்திருக்கும். மோந்து மோந்து முனகிவிட்டு, திரும்பி வந்து என் முதுகுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. "ஒன்னட்ட ஒட்டிக்கிட்டுலே" என்று அக்கா கண்ணைத் துடைத்தாள். ஊசியைக் கடைசியில் டாக்டர் போட்டார், நான் நாயைக் கட்டிப் பிடித்திருக்க.

மில்லில் ஷிப்டுகள் குறைந்து, பாதிப் பேரை நிறுத்தி, எனக்கும் வேலை இல்லாமல் போன பிறகும் அது இருந்தது. மகள் கல்யாணத்தையும் பார்த்தது. பார்த்தது என்றால், அன்று முழுக்கக் குளியலறைக்குள் இருந்தது. கடைசி வருஷத்தில் அதற்குக் கண் மங்கிவிட்டது. சைகை தெரியாது. வெறும் கையால் தடவித்தான் எதையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சித்திரை மாதக் காலையில் தட்டில் வைத்த மோர்ச்சோறு அப்படியே இருந்தது. தொட்டியோரத்தில் படுத்த வாக்கிலேயே போயிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் கரிசலில் குழி தோண்டினேன். சித்திரையில் அந்த மண் வெடித்து, கல் மாதிரி இறுகிக் கிடக்கும். கடப்பாரை இறங்கவில்லை, தெறித்தது. என் மனைவி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். வெடிப்பு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஊற ஊறக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினேன். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. போதும் என்று அவள் சொன்னாள், நரி கிளறிவிடும் என்று நான் இன்னும் கொஞ்சம் தோண்டினேன். பழைய சேலை ஒன்றில் சுற்றி இறக்கி மூடி, மேலே முள்ளை வெட்டிப் போட்டபோது உச்சி வெயிலாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினோம். மகள் போன் செய்து, வேறு ஒரு குட்டி வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். பிறகு ஃபேனைப் போட்டு, வெறும் தரையில் ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.